சவலை என்று நாங்கள் ஒதுக்கிய கிட்டார்

1. ஆறு பெட்டி

பெட்டியைப் பிரித்ததும் முதலாளி போட்ட சத்தத்தில், ஆர்மோனியம் பார்க்க வந்திருந்த ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

“வே நாயகம், நாம என்ன கேட்டோம், இவன் என்ன அனுப்பியிருக்கான்? புள்ளைக விளையாடுத சாமானா இது?” என்று என்னிடம் கேட்டார்.

தென்காசியில் இசைக்கருவிகள் விற்கும் கடை அது. விற்பனை, ரிப்பேர் இரண்டையும் நான்தான் பார்த்தேன். மதுரை டீலரிடம் பெரிய கிட்டார் பன்னிரண்டு கேட்டிருந்தோம். அவர் ஆறு பெரியதும், நாங்கள் கேட்காத சிறிய மாடல் ஆறும் அனுப்பிவிட்டார். போனில் கூப்பிட்டால், “புது மாடல் அண்ணே, மாட்டி வைங்க, தானா போகும்” என்றார்.

அந்த மாடலின் நம்பர் பி-40. கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். மேல்பலகையில் பளபளப்பு கிடையாது, வெளிறிய வெறும் மரம். தோள் பக்கம் உள்வாங்கி வளைத்து வெட்டியிருக்கும் ‘கட்-அவே’ கிடையாது. ஸ்பீக்கரில் செருக பிளக் பாயின்ட்டும் கிடையாது. பெரிய கிட்டார்களுக்கு நடுவே மாட்டினால் தாய்ப்பால் போதாத பிள்ளை மாதிரித் தெரிந்தது. முதலாளி அதற்குச் ‘சவலை’ என்று பெயர் வைத்தார். அன்றிலிருந்து கடையில் அதுதான் அதன் பெயர்.

மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் ஒன்றை எடுத்து ட்யூன் செய்து வாசித்துப் பார்த்தேன். பெரிய கிட்டாரில் ஆறு கம்பியும் சேர்ந்து இரையும். இதில் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்டது. சத்தம் குறைவு, ஆனால் தெளிவு. அதைவிட முக்கியமாக இன்னொன்றைக் கவனித்தேன். கழுத்து கொஞ்சம் அகலம், அதனால் கம்பிக்குக் கம்பி இடைவெளி கூடுதல். ஸ்கேல், அதாவது கம்பி ஓடும் நீளம், குறைவு; அதனால் கழுத்தில் குறுக்கே பதித்த பிரெட் கட்டைகள் நெருக்கம். கம்பியை அழுத்தவும் அதிகப் பலம் வேண்டாம். குட்டையான, தடித்த விரல்காரர்களுக்கு இவ்வளவு தோதான கிட்டார் அந்த விலையில் வேறு கிடையாது. இது எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது.

வருகிறவர்களோ கறுப்புக் கலர் கேட்டார்கள், கட்-அவே கேட்டார்கள். வாசுதேவநல்லூரிலிருந்து வந்த ஒரு பாட்டு டீச்சர் மட்டும் எல்லாவற்றையும் வாசித்துப் பார்த்துவிட்டுச் சவலையை எடுத்துக்கொண்டு போனார். மீதி ஐந்தும் சுவரிலேயே தொங்கின.

2. முருகையா

முருகையா வந்தது சீசன் முடிந்த புரட்டாசி மாதத்தில். குற்றாலம் மெயின் அருவிப் பக்கம் எண்ணெய் தேய்த்துவிடுகிற தொழிலாளி. நாற்பது வயது இருக்கும். குள்ளமான ஆள், மணிக்கட்டு இரண்டும் உலக்கை மாதிரி இருக்கும். விரல்கள் குட்டையாக, உருண்டையாக இருந்தன.

“அண்ணாச்சி, ஒரு கிட்டாரு வேணும். எனக்குத்தான்.”

“உங்களுக்கா?” என்று கேட்டுவிட்டேன். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

“சீசனுக்கு வாரவுக லாட்ஜு மாடியில உக்காந்து வாசிப்பாவ. கீழ நின்னு கேட்டுக்கிட்டே இருப்பேன். ஆவணி முடிஞ்சா எனக்கு வேல கெடையாது. சும்மா இருக்கதுக்கு இதயாவது படிக்கலாம்னு பாக்கேன்.”

சுவரில் இருந்ததை எல்லாம் ஒருமுறை பார்த்தார். நேராகச் சவலையிடம் போய், அதன் முதுகில் இடது கையை விரித்து வைத்துக்கொண்டு, வலது கையால் ஒரு கம்பியைச் சுண்டினார்.

“ஒரு ஆளு முதுகுல கை வச்சா எங்கன பிடிச்சிருக்குன்னு தெரிஞ்சிரும்லா? அது மாதிரி இது உள்ளங்கையில பேசுது அண்ணாச்சி.”

கல்லாவில் இருந்த முதலாளி தொண்டையைச் செருமினார். கறுப்புக் கிட்டார் நாலு தேங்கி நிற்கிறது, முதலில் அதைத் தள்ளு என்று அந்த வாரம்தான் சொல்லியிருந்தார்.

“அது சின்னப் புள்ளைக எடுக்கது. ஆம்பளைக்கு இதுதான் எடுப்பா இருக்கும்” என்று கறுப்பை இறக்கிக் கொடுத்தேன்.

அவர் அதை மடியில் வைத்தார். உடம்பு பெரிதாக இருந்ததால் வலது தோள் தூக்கிக்கொண்டது. கழுத்தைப் பிடித்த விரல்கள் மூன்றாவது பிரெட்டை எட்டவே சிரமப்பட்டன. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

“நீங்க சொன்னா சரியா இருக்கும்” என்று வாங்கிக்கொண்டு போனார்.

முதலாளி மேல் பழியைப் போட்டுவிடலாம். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். எண்ணெய் தேய்க்கிறவர்தானே, நாலு நாள் தட்டிப் பார்த்துவிட்டு மூலையில் போட்டுவிடுவார், எதைக் கொடுத்தால் என்ன என்று நான் நினைத்தேன். அந்த நினைப்பு என்னுடையது. அதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

3. பழகப் பழக வரும்

அவர் மூலையில் போடவில்லை. மூன்று மாதத்தில் நாலு தடவை கடைக்கு வந்தார். ஒவ்வொரு முறையும் கிட்டாரைப் பழைய போர்வையில் சுற்றிக் குழந்தையைத் தூக்கிவருவது போலப் பஸ்ஸில் கொண்டுவருவார்.

“அண்ணாச்சி, சி கார்டு பிடிச்சா மூணாவது கம்பி செத்துப்போவுது.”

கார்டு என்றால் சில கம்பிகளை ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து எல்லாவற்றையும் சேர்த்து ஒலிக்கவைப்பது. செத்துப்போகத்தான் செய்யும். இடைவெளி குறைவான கழுத்தில், அவர் விரல் பக்கத்துக் கம்பியையும் சேர்த்து அமுக்கியது. நான் கம்பிகளை அடியில் தாங்கும் சாடிலைத் தேய்த்துக் கம்பியின் உயரத்தைக் குறைத்தேன். அடுத்த முறை மெல்லிய கம்பி மாற்றினேன். அதற்கடுத்த முறை கழுத்தின் நுனியில் கம்பிகளைப் பிரித்து நிறுத்தும் நட்டைச் சரிபார்த்தேன். வேலையில் குறை வைக்கவில்லை. ஆனால் கோளாறு அது எதிலும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும், “பழகப் பழக வரும்” என்று சொல்லி அனுப்பினேன்.

நாலாவது தடவை விரல் நுனிகளைக் காட்டினார். தோல் வெடித்துக் காய்த்திருந்தது. “கை சொரசொரன்னு இருக்குன்னு ஆளுக சொல்லுதாவ. இருந்தாலும் விட மனசில்ல” என்றார்.

ஐந்தாவது தடவை வெறுங்கையோடு வந்தார்.

“கிட்டாரு எங்க?”

“லாட்ஜு மேனேஜர்ட்ட குடுத்துட்டேன். ரிசப்ஷன்ல அழகுக்கு மாட்டியிருக்காவ.” சிரிக்கப் பார்த்தார். “இது எண்ணெக் கை அண்ணாச்சி. இதுக்கு லாயக்குப்படாது. நீங்க இவ்வளவு மெனக்கெட்டிய, எனக்குத்தான் வரல. சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்.”

அவர் அதைச் சொன்னபோது ஐந்து சவலையும் எனக்குப் பின்னால் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றை எடுத்து அவர் மடியில் வைத்திருக்கலாம். வைத்தால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். அதற்குப் பயந்து டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அடுத்த மாதம் டீலரின் வேன் வந்து ஐந்தையும் திரும்ப ஏற்றிக்கொண்டு போனது. கட்டிக் கொடுத்ததும் நான்தான்.

4. கிடைக்காத மாடல்

சில வருடங்களில் கம்பெனி பி-40 செய்வதை நிறுத்தியது. விற்காத மாடலை யார் செய்வார்கள்? அதற்கும் கொஞ்ச நாள் கழித்து, யாரோ ஒரு கிட்டார்காரர் இன்டர்நெட்டில் அதை வாசித்துக் காட்டி, இந்தச் சத்தத்தை யாரும் கண்டுகொள்ளவில்லையே என்று பேசியிருக்கிறார். அதன் பிறகு எங்கள் கடைக்குப் போன் வர ஆரம்பித்தது. பெங்களூரிலிருந்து கேட்டார்கள். செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் கேரளாவிலிருந்து, “சேட்டா, பி-40 ஒரு பீஸ் உண்டோ?” என்று கேட்டார்கள்.

“நாம அஞ்சு பீஸ வேன்ல ஏத்தி அனுப்புனோமே!” என்று முதலாளி தலையில் கைவைத்தார். அவருக்கு வியாபாரம் போன வருத்தம். எனக்கு முருகையா ஞாபகம்தான் வந்தது. மதுரை, நாகர்கோவில், திருவனந்தபுரம் என்று தெரிந்த கடைகளிலெல்லாம் விசாரித்தேன். ஒரு பீஸ்கூட இல்லை.

அப்போதுதான் வாசுதேவநல்லூர் டீச்சர் தன்னுடையதைக் கம்பி மாற்றக் கொண்டுவந்தார். எட்டு வருடத்தில் மரம் பழுத்து, சத்தம் இன்னும் இனிமையாகியிருந்தது.

“டீச்சர், ஒரு நாளைக்கு இத ஒருத்தர்ட்ட காட்டிட்டு வரட்டுமா?”

காரணம் கேட்டார். நடந்ததை எல்லாம் சொன்னேன். கிட்டாரைப் பையில் போட்டு என் பக்கம் நகர்த்தினார்.

“கொண்டு போங்க. ஆனா பத்திரமாத் திருப்பிக் கொண்டாந்துருங்க. இது போச்சுன்னா நான் எங்க போயி வாங்க?”

மறுநாள் குற்றாலம் போனேன். அருவியில் வெள்ளம் கூடி, குளிக்க விடாமல் போலீஸ் கயிறு கட்டியிருந்தது. எண்ணெய் தேய்க்கிறவர்கள் ஒரு கடை ஓரத்தில் சாரலுக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்தார்கள். முருகையாவுக்குத் தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

“வாங்க அண்ணாச்சி! குளிக்க வந்தியளா? இன்னைக்கு விடமாட்டாவளே.”

நான் பையைப் பிரித்து அவரிடம் நீட்டினேன். “ஒரு சி கார்டு பிடிங்க” என்றேன்.

“அதெல்லாம் மறந்துபோச்சு” என்று சொல்லிக்கொண்டே துண்டில் கையை இரண்டு முறை துடைத்தார். மடியில் வைத்ததும் தோள் தூக்கவில்லை. விரல்கள் தேடித் தேடிப் போய் உட்கார்ந்தன. வலது பெருவிரலால் மேலிருந்து கீழே இழுத்தார்.

எல்லாக் கம்பியும் ஒலித்தது. ஒன்றுகூடச் சாகவில்லை.

அவர் திரும்பவும் இழுத்தார். பிறகு மெதுவாக இன்னொரு கார்டுக்குப் போனார். பக்கத்தில் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள். ஐந்து நிமிடம் போல வாசித்திருப்பார். நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“இது அன்னைக்கு ஒங்க கடையில நான் தொட்டுப் பாத்ததுல்லா?”

“ஆமா.”

“இதுதான் எனக்குச் சரியா வரும்னு அன்னைக்கே ஒமக்குத் தெரியுமா?”

எப்போதும் ‘நீங்க’ என்று பேசுகிறவர், முதல்தடவையாக ‘ஒமக்கு’ என்றார்.

“தெரியும்” என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. கிட்டாரின் கழுத்தைத் துண்டால் துடைத்துப் பையில் போட்டு, ஜிப்பையும் அவரே இழுத்தார். “அப்போ எங் கை நல்லாத்தான் இருந்திருக்கு. எட்டு வருஷமா அதத்தான் ஏசிக்கிட்டு இருந்திருக்கேன்” என்றார்.

“எங்கயாவது ஒண்ணு தேடிப் பிடிச்சுக் கொண்டாந்து தாரேன்.”

“வேண்டாம் அண்ணாச்சி. ரெண்டு வருஷமா பெருவெரல்ல வலி. தொழிலுக்கே மாத்திர போட்டுக்கிட்டுத்தான் போறேன். இப்ப வாசிச்சதுக்கே விண்ணுவிண்ணுன்னு தெறிக்கி.” கையை உதறிக்கொண்டார். “டீ குடிக்கியளா?”

குடித்தேன். டீக்கடைக்காரரிடம் என்னை, “தென்காசிக் கடை அண்ணாச்சி” என்று மட்டும் சொன்னார். அடுத்த நாள் டீச்சரிடம் கிட்டாரைத் திருப்பிக் கொடுத்தேன்.

விற்பனை வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். பழுதான சாமானைக் கொடுத்தால் வாடிக்கையாளர் கடைக்கு வந்து நம்மைத் திட்டுவார், நாமும் மாற்றிக் கொடுத்துவிடுவோம். பொருந்தாத சாமானைக் கொடுத்தால் அவர் தன்னையே திட்டிக்கொண்டு வீட்டில் இருப்பார். அந்தத் திட்டு நம் காதுக்கு வராது. எனக்கு அது கேட்டபோது, கொடுப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.