குழாய்ப் படமும் என் முடிதிருத்தும் கடையும்

லகாட் பக்கத்து ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன் நான். பக்கத்து ஊரான புந்தோங்கில் சொந்தமாக முடிதிருத்தும் கடை வைத்தேன். வாடகைக்கு இருந்த கட்டடத்தையே பிறகு வாங்கினேன். மகளை வக்கீலாக்கினேன். ஒரு தேர்தலையும் திருப்பினேன். இதில் கடைசியாகச் சொன்னதை மட்டும் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. போன வாரம் ஒரு பத்திரிகை, அந்தத் தேர்தலில் மக்கள் மனத்தை மாற்றியது தாங்கள்தான் என்று பக்கம் நிறைய எழுதியிருக்கிறது.

அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் பல தோட்டத்து ஆட்களும் பஸ் ஏறி என் கடைக்கு வந்துவிடுவார்கள். பவுடர் வாசனை, வானொலிப் பாட்டு, பெஞ்சு நிறைய ஆட்கள். பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. ஒருவருக்கு வெட்டி முடித்துத் துண்டை உதறியதும், அடுத்தவர் உட்காருவதற்குள் ஒரு செய்தியை உரக்கப் படிப்பேன். அது கடை வழக்கம்.

பிரச்சார நேரத்தில் அதே பத்திரிகை முதல் பக்கத்தில் ஒரு படம் போட்டது. நான் பிறந்த தோட்டத்தில் புதுக் குழாய், ஒரு பெண் சிரித்தபடி வாளியில் தண்ணீர் பிடிக்கிறாள், பக்கத்தில் வேட்பாளர். படித்துக் காட்டினேன்.

"நம்ம தோட்டத்துக்கும் வந்துரும்லா. அவருக்கே போட்டுறலாம்" என்றார் பெஞ்சில் இருந்த ஒருவர்.

நாற்காலியில் இருந்த பால்மரம் வெட்டுபவர் பத்திரிகையை வாங்கிப் பார்த்தார். "இது என் சம்சாரம்ண்ணே."

"வாசல்லயே தண்ணி. கொடுத்து வச்சவன்யா நீ" என்றேன்.

"எங்க தண்ணி? லாரியில டேங்கு கொண்டாந்து பைப்பு மாட்டுனாங்க. போட்டோ புடிச்சதும் கழட்டிட்டுப் போய்ட்டாங்க. வாளிய மட்டும் விட்டுட்டாங்க, அதுவும் ஓட்ட."

கடையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "அவ இன்னும் தண்ணிக்கு ஆத்துக்குத்தான் போறாண்ணே."

அன்றிலிருந்து வாக்களிப்பு நாள்வரை, அந்தச் செய்தியைப் படித்ததும் இதையும் சேர்த்தே சொன்னேன். கேட்டவர்கள் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோனார்கள். கட்சி ஆள் ஒருவர் தேடி வந்தார்.

"அண்ணே, கடையில பொலிட்டிக் வேணாம்லா. லைசென்சு போயிரும்."

"நான் பேப்பர்ல உள்ளதப் படிக்கிறேன் தம்பி. மிச்சத்த அந்தம்மா புருஷன் சொல்றாரு. உக்காருங்க, உங்களுக்கும் வெட்டி விடறேன்."

வேட்பாளர் தோற்றார். அதன்பிறகுதான் குழாயைக் கழற்றிய கதையை அந்தப் பத்திரிகை எழுதியது. அதைத்தான் இப்போது பெருமையாகச் சொல்கிறார்கள்.

இன்று என் கடையில் ஆளுக்கொரு கைப்பேசி. எல்லோரும் குனிந்தே இருப்பதால் பிடரி வெட்டச் சுலபம். ஆனால் ஒருவர் பார்க்கும் செய்தி பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமைச் சத்தத்துக்கு என் காது இன்னும் ஏங்குகிறது.

பத்திரிகைக்காரர்களே, திருத்தம் போடுங்கள். உண்மையை முதலில் சொன்னது அந்தத் தொழிலாளி. ஊருக்குச் சொன்னது நான். அவர் இப்போது இல்லை. அவர் பங்கை அவர் பிள்ளைகள் படிக்கட்டும். என் பங்கை நான் உயிரோடு இருக்கும்போதே எழுதுங்கள்.