வள்ளத்துக்குப் பூசும் வார்னிஷ்

சண்டையில் இடம்பெயர்ந்து வன்னியில், மல்லாவியில் இருந்த காலத்தில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினேன். மிச்ச நேரத்தில் உள்ளங்கை அளவு பலகைகளில் முகங்கள் வரைந்தேன். படம் பெருப்பிக்க ஸ்டூடியோக்களில் தாள் இல்லாத நாட்கள் அவை. அடையாள அட்டைப் படத்தையோ பள்ளிக்கூடப் படத்தையோ கொண்டுவருவார்கள். பெரும்பாலும் செத்தவர்களின் படங்கள்.

முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்திருந்த ஒரு அக்கா தன் மகளின் படத்தைத் தந்தார். பதினாலு வயது. வந்த முதல் மாரியிலேயே மலேரியா கொண்டுபோய்விட்டது.

"பொதுநிறம் தம்பி. இடது புருவத்திலை சின்னத் தழும்பு ஒண்டு. படத்திலை தெரியாது, நீங்கள் போடுங்கோ."

போஸ்டர் கலரில் வரைந்தேன். நன்றாக வந்தது, அதை இப்போதும் சொல்வேன். ஆனால் போஸ்டர் கலர் ஈரக்கை பட்டாலே கரைந்துவிடும். மேலே ஏதாவது பூசியாகவேண்டும். சரியானது எதுவென்று எனக்குத் தெரியும்: குங்கிலியத்தை டர்பன்டைனில் கரைத்து மெல்லிசாகப் பூசுவது. குங்கிலியம் மருந்துச் சரக்குக் கடையில் இருந்தது. டர்பன்டைன் வன்னிக்குள் வர ஆமி தடை போட்டிருந்தது. வவுனியாவிலிருந்து யாராவது ஒளித்துக் கொண்டுவந்தால்தான் உண்டு.

கையில் கிடைத்தவற்றைப் பலகைத் துண்டுகளில் பூசிப் பார்த்தேன். முட்டை வெள்ளைக்கருவை எறும்பு அரித்தது. நிறமில்லாத நகப்பூச்சு திட்டுத்திட்டாக நின்றது. அக்காவின் கணவர் தன் மீன்பிடி வள்ளத்துக்கென்று வைத்திருந்த வார்னிஷ் மட்டும் கண்ணாடிபோல மினுங்கியது. அது நாள்பட மஞ்சளாகும் என்பதும் எனக்குத் தெரியும்.

"அவசரமில்லைத் தம்பி, நல்ல சாமான் வரட்டும்" என்றார் அக்கா.

அவசரம் எனக்குத்தான். தேவாலயத் திருநாளுக்குச் சனம் கூடும். அதற்குள் படம் அவர் கொட்டிலில் தொங்கினால் என் கைவேலையை நாலுபேர் பார்ப்பார்கள். வள்ள வார்னிஷையே இரண்டு தரம் தடிப்பாகப் பூசிக் கொடுத்தேன்.

"பழுதாகாதோ?"

"நூறு வருசத்துக்கும் ஒண்டும் செய்யாது, அக்கா."

அந்தச் சொல்லை அவர் நம்பினார். வெளிநாட்டுக்கு வெளிக்கிட்ட மூத்த மகன் தங்கச்சியின் படத்தைக் கேட்டபோது, தனக்குத்தான் பலகைப் படம் இருக்கிறதே என்று, நான் பார்த்து வரைந்த அந்த ஒரே சின்னப் படத்தைக் கொடுத்துவிட்டார். கொழும்பு தாண்டியபிறகு அவனிடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை.

இரண்டாம் வருடம் பலகையைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வந்தார். முகம் முழுக்க மஞ்சள். கண்வெள்ளையும் மஞ்சள்.

"மலேரியாவிலை போன பிள்ளைக்குச் செங்கமாரியும் வரப்பண்ணிப்போட்டீங்களே, தம்பி."

தெரிந்துகொண்டுதான் பூசினேன் என்று நான் சொல்லவில்லை. "இதைக் கழட்டலாம், இருங்கோ" என்று கதிரையைக் காட்டினேன். மோட்டார் சைக்கிள் திருத்துகிற கடையில் பெயின்ட் கரைக்கிற தின்னர் கொஞ்சம் வாங்கிவந்து, பஞ்சில் நனைத்துக் கழுத்துப் பக்கம் துடைத்தேன். மஞ்சள் மட்டும் வந்தது. துணிந்து கன்னத்தில் வைத்தேன். வார்னிஷ் நிறத்துக்குள் ஊறியிருக்கவேண்டும், பஞ்சோடு கன்னமும் வந்தது. அங்கே நிறுத்தியிருக்கலாம். சரிப்படுத்துகிறேன் என்று மற்றப் பக்கத்தையும் துடைத்தேன்.

"காணும், விடுங்கோ" என்றார் அக்கா.

இரட்டைப் பின்னலும் வெள்ளைக் கொலரும்தான் மிஞ்சியிருந்தன. அதையும் அவர் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு எழும்பிப் போனார்.

மறுகிழமை ஆள்விட்டுக் கேட்டேன், ஞாபகத்திலிருந்து திரும்ப வரைந்து தரட்டுமா என்று. "என்ரை பிள்ளையை அவர் எப்ப கண்டவர்?" என்று பதில் வந்தது.

அதைக் கேட்டு எனக்கு வெட்கம் வரவில்லை. அவர்மேல் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தை நினைத்தால் இன்றைக்கும் வாய் கசக்கிறது.