முந்தானைக் கடலை மிட்டாய்

என் வீட்டுக்காரருக்குப் பல்லெல்லாம் கொட்டிப் பல வருஷம் ஆகிறது. மகன் வாங்கிக் கொடுத்த பல் செட்டு டம்ளர் தண்ணீரிலேயே கிடக்கிறது. கடலை மிட்டாய் ஆசை மட்டும் அவருக்குக் கொட்டவில்லை. அதை முந்தானையில் சுற்றி, இடது கடைவாய்ப் பல்லால் நறுக்கென்று கடித்துத் தூளாக்கிக் கொடுப்பேன். வலது பக்கம் எனக்குப் பழக்கமில்லை. இந்த வயதிலும் சொந்தப் பல் என்கிற கர்வம் எனக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

அந்த இடது பல்தான் ஆட ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லவில்லை. களியை மெல்லாமல் விழுங்குகிற ஊர் எங்கள் ஊர், அதனால் யாருக்கும் தெரியவில்லை. மிட்டாயை நான் தட்டிக் கழித்தபோது அவர்தான் கண்டுபிடித்தார்.

தர்மபுரியில் பல் டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்தார். பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு ஒரு பக்கம் கரைந்து குழி விழுந்திருக்கிறதாம். பல்லைப் பிடுங்கிவிடலாம். இல்லையென்றால் ஈறைத் திறந்து, எலும்புத் தூளை ஹையலூரானிக் ஆசிட் ஜெல்லில் குழைத்து, குழியில் வைத்துத் தைக்கலாம்.

“ஆசிட்டா? வாயிலயா?” என்று எழுந்துவிட்டேன்.

“பேருதான் ஆயா அப்பிடி. எரியாது. நம்ம மூட்டுலயும் தோல்லயும் இருக்கறதுதான். புண்ணு ஆறவும் எலும்பு வளரவும் ஒத்தாசையா இருக்கும். வளந்தே தீரும்னு மட்டும் சொல்ல மாட்டேன்.”

“வெச்சுத் தைம்மா” என்றார் வீட்டுக்காரர், எனக்கு முந்தி.

“உங்களுக்கு மிட்டாய்க் கவலைங்க” என்றேன்.

வைத்துத் தைத்துவிட்டு, கன்னத்தை இழுத்துப் பார்க்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஆனால் ரொட்டியும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தவர்களிடம் காட்டாமல் எப்படி அனுப்புவது? வந்தவர்களுக்கெல்லாம் கன்னத்தை இழுத்துக் காட்டினேன். தையல் பிரிந்து ரத்தம் வந்துவிட்டது.

“வாய் என்ன கண்காட்சியா ஆயா? இன்னொரு தடவ பிரிஞ்சா பல்லு போயிரும்” என்று டாக்டரம்மா திரும்பத் தைத்தார்.

அன்று முதல் வீட்டுக்காரர் வாசற்படியில் கட்டிலைப் போட்டுக்கொண்டார். யாரையும் முகம் முறித்துப் பேசாத மனிதர், “தூங்கறா” என்று எல்லாரையும் திருப்பி அனுப்பினார்.

“அவ வாய மூடிக்கிட்டு இருக்கறாளா! அதையாவது பாத்துட்டுப் போறோம், தள்ளுங்க மாமா” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. சிரிக்கவும் கூடாது எனக்கு. கேழ்வரகுக் கஞ்சியை அவரே காய்ச்சி, ஆற வைத்து, கரண்டியால் ஊட்டினார். குழி ஆறக் காத்திருந்த மாதமெல்லாம் கடலை மிட்டாய்ப் பேச்சே எடுக்கவில்லை.

கடைசியாகப் படம் எடுத்தபோது, முன்பு கறுப்பாக இருந்த குழியில் வெள்ளை படர்ந்திருந்தது. டாக்டரம்மா கம்பியால் நெட்டிப் பார்த்தார். பல் அசையவில்லை.

“எலும்பு பிடிச்சுக்கிச்சு ஆயா. ஆனா கெட்டியானது எதையும் இந்தப் பக்கம் கடிக்காதீங்க.”

சட்டைப் பையிலிருந்து பாதி வெளியே எடுத்த பொட்டலத்தை வீட்டுக்காரர் சத்தமில்லாமல் உள்ளே தள்ளியதை நான் பார்த்துவிட்டேன்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் கையை நீட்டினேன். “குடுங்க. வலது பக்கம் ஒண்ணும் சொல்லலியே.”

முந்தானையில் சுற்றிக் கடித்தேன். பழக்கமில்லாத பக்கம், தூளாகவில்லை, கட்டி கட்டியாகத்தான் வந்தது. அவர் அப்படியே வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். எங்கள் ஊர் பாப்பாரப்பட்டி வந்தும் அது கரையவில்லை.