கறுப்புக் காரும் சாம்பலும்

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் இலங்கையின் தெற்கில் இருந்த எங்கள் கடை எரிந்தபோது அப்பாவுக்கு, எங்கள் ஐயாவுக்கு, மிஞ்சியது ஒரு கறுப்புக் கார்தான். பழுது பார்க்க வேறோர் ஊரில் விட்டிருந்தபடியால் அது தப்பியது. சில மாதம் கழித்து அதை ஓட்டிக்கொண்டு எங்கள் ஊரான சுருவிலுக்கு வந்து சேர்ந்தார், வீட்டு வளவில் ஓலைக் கொட்டில் போட்டு உள்ளே நிறுத்தினார். அதன் பிறகு அவர் அதிகம் பேசவில்லை. அடுத்த வருஷம் தங்கச்சிக்குக் காரைநகரிலிருந்து கலியாணப் பேச்சுக்கால் வந்தபோது, "காரைச் சீதனமாத் தாறன்" என்று தரகரிடம் சொன்னார். அந்தக் குரலில் பழைய முதலாளி கொஞ்சம் தெரிந்தார். பிள்ளைக்குக் கொடுக்க அவரிடம் இருந்த ஒரே சாமான் அதுதான். அதை நாசமாக்கியவள் நான்.

நான் மூத்தவள். அப்போது முப்பத்தைந்து வயது, பள்ளிக்கூட ரீச்சர். எனக்கு வந்த பேச்சுக்கால்கள் ஒவ்வொன்றாக நின்று, பிறகு வருவதே நின்றுபோனது. தங்கச்சிக்கு முதலில் பேசுவதில் எனக்குக் கோபமே இல்லை என்று கண்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கோபம் இருந்தது. அதை வேலையில் காட்டினேன்.

மாப்பிள்ளை பகுதி பெண்ணையும் காரையும் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. ஐயா கடைப் பத்திர விஷயமாகக் கொழும்புக்குப் போயிருந்தார்; ஞாயிறு காலை மெயில் ரெயிலில்தான் திரும்புவார். திங்கட்கிழமை நான் குத்துவிளக்கு, செம்பு, தட்டம் எல்லாவற்றையும் சாம்பலும் பழப்புளியும் போட்டுத் தேங்காய்த் தும்பால் தேய்த்தேன். நல்ல காரியம் வருகிற வீட்டில் அதுதான் முதல் வேலை. கொட்டிலுக்குள் கார் உப்புக் காற்றில் வெள்ளை பூத்து நின்றது. எங்கள் கிணறும் உவர். அந்தத் தண்ணீரில் கழுவினால் காய்ந்ததும் மறுபடி பூக்கும். சாம்பல் மிச்சம் இருந்தது. குத்துவிளக்குக்குக் கேடு செய்யாத சாம்பல் காருக்கு என்ன செய்யப்போகிறது? இரண்டு மணித்தியாலம் வட்டம் வட்டமாகப் பலங்கொண்ட மட்டும் தேய்த்தேன். கொட்டில் நிழலில் பளபளவென்றுதான் தெரிந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் நானும் தங்கச்சியும் அம்மாவும் காரை வெளியே தள்ளினோம். வெயில் பட்டதும்தான் தெரிந்தது. அம்மா தோசை மாவைச் சுழற்றிய கல் மாதிரி, மேல்மூடி, கதவு, பின்பக்கம் என்று கார் முழுக்க வட்டம் வட்டமாகக் கீறல்.

"என்னடி செய்து வைச்சிருக்கிறாய்?" என்று அம்மா தலையில் கை வைத்தார். தங்கச்சி விரலால் ஒரு வட்டத்தைத் தொட்டுப் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பள்ளிக்கூடத்துக்கு வெள்ளி வரைக்கும் லீவு போட்டுவிட்டு யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறினேன். மோட்டார்ச் சாமான் கடைக்காரர் என்னையும் என் குடையையும் பார்த்தார்.

"வீட்டில ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ, அக்கா?"

"இருந்தா நான் ஏன் இஞ்ச வாறன்?"

அவர் சிரிக்காமல் இரண்டு தகரப் பேணிகளை எடுத்து வைத்தார். சிவப்புப் பேணியில் கார் தேய்க்கிற கரகரப்பான கொம்பவுண்ட், நீலப் பேணியில் மென்மையானது. விரலில் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஒன்று ஈர மணல், மற்றது பற்பசை. எனக்கு எது தேவை என்று அவருக்கே தெரியவில்லை. கடைக்குப் பின்னால் கார்களுக்குப் பெயின்ற் அடிக்கிற ஒருவரிடம் கூட்டிப்போனார். அவர் ஸ்பிறேயை நிறுத்தாமலே பேசினார்.

"கீறலை அழிக்கேலாது, அக்கா. கீறல் எவ்வளவு ஆழமோ, அவ்வளவுக்குச் சுத்தியிருக்கிற பெயின்ரைத் தேச்சு இறக்கிறதுதான் வேலை. பழைய கார் எண்டால் பெயின்ற் எவ்வளவு மிச்சமெண்டு ஆருக்குத் தெரியும்? நீலத்தில துடங்குங்கோ. கட்டாயமெண்டால் மட்டும் சிவப்பு."

மெஷின் ஒன்று வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டேன். கிடைக்கும் என்றார், ஆனால் எங்கள் வளவுக்கு அப்போது மின்சாரம் வரவில்லை. "அப்ப கைதான். துவாயால தேய்க்க வேண்டாம், பிளானல் துணி எடுங்கோ. முதல்ல நல்ல தண்ணியில கழுவுங்கோ. ஒரு உப்புக்கல் துணியில நிண்டாலும் புதுக் கீறல்தான்." இரண்டு பேணியும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

நல்ல தண்ணீர் என்றால் நாங்கள் குடிக்கிற தண்ணீர். அரை மைல் தள்ளியிருக்கிற கிணற்றிலிருந்து நானும் தங்கச்சியும் குடம் குடமாகச் சுமந்தோம். கிணற்றடியில் நின்ற பெண்கள் விடவில்லை.

"காருக்குத் தேத்தண்ணி வைக்கப் போறியளோ, ரீச்சர்?"

"ஓம், சீனியும் போட்டு," என்று சொல்லிவிட்டு நடந்தேன். கண் கலங்கியது அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

புதன்கிழமை நீலப் பேணியைத் திறந்தேன். உள்ளங்கை அளவு இடம், கொஞ்சம் கொம்பவுண்ட், மெல்லிய அழுத்தம், துணியைத் திருப்பு, துடை, வெயிலில் பார். ஒரு கதவு முடிய இருட்டிவிட்டது. ஆனால் அந்தக் கதவில் என் முகம் தெரிந்தது, வட்டம் ஒன்றும் இல்லை. வியாழன் இன்னொரு கதவு. வெள்ளி மத்தியானம் மூன்றாவது. தோள்பட்டையைத் தூக்க ஏலவில்லை. மிச்சம் இருந்தவை நாலாவது கதவு, மேல்மூடி, பின்பக்கம், எல்லாவற்றையும்விடப் பெரிதாக எஞ்சினை மூடுகிற முன் பொனற். பொனற்றைத்தான் வருகிறவர்கள் முதலில் பார்ப்பார்கள்.

சனிக்கிழமை காலை பொனற்றுக்குச் சிவப்புப் பேணியைத் திறந்தேன். அது வேகமாக வேலை செய்தது, வட்டங்கள் கண்முன்னே கரைந்தன. துணி கறுப்பாகியது. நிறுத்தியிருக்க வேண்டும். பொனற்றின் நடு விளிம்பில் ஒரு கீறல் போக மறுத்தது, எனக்கு ஆத்திரம் வந்தது, இன்னும் அழுத்தினேன். துணி செம்மண் நிறமாகியது. பார்த்தால், கறுப்பு தேய்ந்து அடிப்பூச்சு ஒரு விரல் நீளத்துக்குத் தெரிந்தது.

அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். போன பெயின்ரைத் திரும்பப் போட எந்தப் பேணியும் இல்லை. பிறகு நான் செய்ததை இன்றைக்கும் சொல்ல வெட்கம்: ஐயாவின் கறுப்புச் சப்பாத்துப் பொலிஷை எடுத்து அந்த இடத்தில் பூசினேன். மேல்மூடிக்கும் பின்பக்கத்துக்கும் நாலாவது கதவுக்கும் தேங்காய் எண்ணெய் தடவி மறைத்தேன்.

ஞாயிறு காலை ஐயா வந்து குளித்து வேட்டி மாற்றவும் அவர்கள் வரவும் சரியாக இருந்தது. தங்கச்சியை எல்லோருக்கும் பிடித்துவிட்டது. தேத்தண்ணீருக்குப் பிறகு மாப்பிள்ளையின் தாய்மாமன் காரைச் சுற்றி வந்தார், பொனற்றில் கையை வைத்தார். எடுத்தபோது விரல் கறுப்பு. முகர்ந்து பார்த்தார்.

"இது சப்பாத்துப் பொலிஷெல்லே? மூண்டு கதவு ஒரு மாதிரி, மிச்சம் ஒரு மாதிரி. கார் எங்கையும் அடிபட்டதோ?"

"அடிபடேல்லை," என்றார் ஐயா. அவர் காரைப் பார்த்தார். ஒன்றும் விளங்காமல் பார்த்தார். கடை நடத்திய முப்பது வருஷத்தில் பழுதான சாமானைத் தலையில் கட்டினார் என்று ஒருவரும் அவரைச் சொன்னதில்லை.

குசினி வாசலில் நின்ற எனக்குப் பொறுக்கவில்லை. வெளியே வந்தேன். "அடிபடேல்லை. நான்தான் சாம்பலும் புளியும் போட்டுத் தேச்சனான். பிறகு கொம்பவுண்டால பெயின்ரையும் எடுத்துப்போட்டன்."

தாய்மாமன் மரியாதையாகச் சிரித்தார். ஒரு ரீச்சர் காரைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள் என்பதை அவர் நம்பவில்லை; அடிபட்ட காரை மறைக்கிறோம் என்றே நினைத்தார்.

நாலாம் நாள் தரகர் வந்தார். "பொம்பிளையைப் பிடிச்சிருக்காம். கார் வேண்டாமாம்." அம்மா அழுது சிரித்தார், காரும் கேட்காத மாப்பிள்ளை என்று ஊர் முழுக்கச் சொன்னார். தங்கச்சி தப்பினாள், எனக்கு உயிர் வந்தது. ஐயா மட்டும், "நல்லது," என்று சொல்லிவிட்டுக் கொட்டில் பக்கம் போனார். கலியாணத்துக்கு வாடகைக் கார் பிடித்தோம்.

அதற்கு அடுத்த கிழமை நீலப் பேணியையும் பிளானல் துணியையும் எடுத்துக்கொண்டு நாலாவது கதவுக்கு முன்னால் குந்தினேன். ஐயா வந்து பக்கத்தில் நின்றார்.

"ஏன் கைநோகத் தேய்க்கிறாய்? இனி ஆருக்குக் குடுக்க, பிள்ளை?"

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னார் என்று அவருக்கு உறைத்தது. முகம் செத்துப்போனது. எனக்கும் அந்த நிமிஷம் எல்லாக் கோபமும் ஒன்றாக வந்தது.

"எனக்குத் தாங்கோ," என்றேன். "நானும் உங்கடை பிள்ளைதானே."

அவர் வீட்டுக்குள் போனார். திரும்பி வந்து கார்ச் சாவியை என் கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கை முழுக்கக் கொம்பவுண்டோடு, அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.