ஈரல் இளைக்க ஒரு தவக்காலம்

தூக்குவாளியின் மூடியைத் திறந்ததும், வாசனை மூன்று அறைகளைத் தாண்டிக் கொல்லைப்புறம் வரை போய்விட்டது.

"நாட்டுக்கோழிக் குழம்புண்ணே. ஈரல மட்டும் ஸ்டெல்லாவுக்குன்னு தனியா எடுத்து வச்சிருக்கேன்" என்றாள் என் தங்கை லூர்து. ஞாயிறு காலை, ஆத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள்.

என் மகள் ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் காலண்டரைப் பார்த்தேன். ஆறாம் நாள். இன்னும் எட்டு நாள் பாக்கி...

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மகளிடம் அனுமதி வாங்கியாயிற்று. ஒரே நிபந்தனை — அவள் எடையை எழுதக் கூடாது. அரிசி மூட்டையின் தையலைக்கூட எண்ணிப் பார்க்கிறவனுக்கு இப்படி ஒரு தண்டனை!

ஸ்டெல்லா பள்ளி ஆசிரியை. அவள் வகுப்புக்கு ஏறும் படிகள் இருபத்திரண்டு. மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்குவாள். சர்க்கரை வேறு. கடைசியில், எடை குறைய இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன் என்று முடிவானது. மாப்பிள்ளை வெளிநாட்டில் இருப்பதால் காவல் பொறுப்பு என்னுடையது.

ஆபரேஷனுக்கு முன் பதினான்கு நாள் திட உணவே கூடாது. புரோட்டீன் பவுடர் கரைசல், மோர், வடிகட்டிய சூப். அவ்வளவுதான். நடுவில் மூச்சுப் பயிற்சி. மூன்று பந்துகள் உள்ள பிளாஸ்டிக் டப்பா; குழாயில் மூச்சை இழுத்தால் பந்துகள் எழும்ப வேண்டும். முதல் நாள் ஒரு பந்து. ஐந்தாம் நாள் இரண்டரை. அரை என்றால், பாதி வழி போய்த் திரும்பியது.

"இரைப்பைக்கு மேலே ஈரல் மூடிக்கொண்டு கிடக்கிறது. அது இளைத்தால்தான் எனக்கு வழி கிடைக்கும். கேமரா விட்டுப் பார்ப்பேன். வழி இல்லையென்றால் அப்படியே தைத்து அனுப்பிவிடுவேன்" என்றார் டாக்டர். சிரிக்காமல் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

ஆபரேஷன் விஷயம் வெளியே தெரியக் கூடாது என்பது மகளின் கட்டளை. டீச்சர்கள் அறையில் பேச்சாகிவிடுமாம். நல்லவேளை, தவக்காலம் வந்தது — ஈஸ்டருக்கு முன் எங்கள் வீடுகளில் ஒருசந்தி நோன்பு இருக்கும் நாற்பது நாள். 'ஸ்டெல்லா ஒருசந்தி' என்றோம். யாரும் கேள்வி கேட்கவில்லை. கேள்வி என்ன... பாராட்டு! தெரு ஜெபக் கூட்டத்தில் நான்கு பேர் அவளைப் புனிதை ஆக்கிவிட்டார்கள். நானும் பணிவாகத் தலையாட்டி வைத்தேன்.

ஆனால் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து எண்ணினால் நாற்பத்தாறு நாள் அல்லவா வரும்? ஆறு ஞாயிறைக் கழித்தால்தான் நாற்பது. ஞாயிற்றுக்கிழமை ஒருசந்தி கிடையாது! எல்லாவற்றையும் எண்ணுகிற நான் இதை மறந்துபோனேன். லூர்து மறக்கவில்லை.

"சாமியே இன்னைக்கு விட்டுருக்காரு. நீ என்னடி ரொம்பப் பண்ற? வாயத் தொற."

"வேணாம் அத்தை. வயிறு சரியில்ல."

"வயிறு சரியில்லாதவளா வாளிய இந்தப் பார்வை பாக்குற?"

உண்மைதான். மகளின் கை மடியிலிருந்து கிளம்பிவிட்டது. வாளிக்கும் விரலுக்கும் ஒரு சாண். அப்புறம் நாலு விரற்கடை... கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"அத்தை, இது ஒருசந்தி இல்ல. எனக்கு ஆபரேசன்."

எல்லாவற்றையும் சொன்னாள். லூர்து அசரவில்லை.

"அடியே, ஆபரேசனுக்குத்தான் ஒடம்புல தெம்பு வேணும்! இந்தா, முழு ஈரலையும் தின்னுட்டுப் போ."

நான் குறுக்கே விழுந்து, டாக்டர் சொன்ன ஈரல் கதையை அப்படியே ஒப்பித்தேன். லூர்து கரண்டியிலிருந்த ஈரலைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏண்ணே, கொழுத்த கோழிய அறுத்தா ஈரலு வெளுத்துப் போயி, தொட்டதும் மாவா உதிருமே... அது மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

"அந்த ஈரலத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டா அவரு உள்ள வேலை பாக்கணும்? ஏண்ணே, இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

படார் என்று மூடி விழுந்தது. டாக்டர் படம் போட்டுப் பதினொரு நிமிடம் விளக்கியும் எனக்குப் பாதிதான் புரிந்திருந்தது. அவளுக்கு ஒரு கோழி போதுமானதாக இருந்தது.

குழம்பு என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து... ஆறு துண்டு.

லூர்து ஊருக்குத் திரும்பவில்லை. எட்டு நாளும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். பாயசம், பணியாரம் என்று எது வந்தாலும், "அவளுக்குப் பெரிய வேண்டுதல்க்கா. ஞாயிறும் கெடையாது, திங்களும் கெடையாது!" என்று திருப்பி அனுப்பினாள். இரண்டாவது ஞாயிறு மட்டும் ஐந்து பாத்திரங்கள்!

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. "ஈரல் ஒதுங்கி வழிவிட்டது" என்றார் டாக்டர். இந்த முறை சிரித்தார். ஸ்டெல்லா டீச்சர்கள் அறைக்குத் தானே போன் போட்டுச் சொல்லிவிட்டாள். பேச்சாகத்தான் ஆனது — இரண்டு டீச்சர்கள் அந்த டாக்டரின் நம்பரைக் கேட்டிருக்கிறார்கள்.

நேற்று லூர்து, செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குக் கிளம்பினாள். "வாசல்ல எத்தன பொய்யிண்ணே சொல்லியிருப்பேன்?" என்று கேட்டாள். பதினொன்று என்றேன்.

"சாமியார்ட்ட பத்துன்னு சொல்லிக்கிறேன்."

ஆக மொத்தம், பன்னிரண்டு.