எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை

நாட்டரசன்கோட்டையில் சார் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, நூற்றெண்பது எண்களை ஒன்று விடாமல் உரக்க வாசித்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறக்காமலிருக்க அவற்றின் மேல் என் கைப்பேசியை வைத்திருந்தேன். சார் எதிரே நாற்காலியில், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தார். பாதி வாசிப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. அவர் கேட்கிறாரா, சும்மா பொறுத்துக்கொண்டிருக்கிறாரா என்றே தெரியவில்லை.

காரைக்குடியில் நான் இயற்பியல் நடத்தும் கல்லூரியில் அவர் கணித ஆசிரியர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கல்லூரிக்கு ஒரு தொலைநோக்கி வந்தபோது, நிலாவைக் காட்டுவதோடு அதை மூடி வைத்துவிடக் கூடாது என்று முதலில் சொன்னவர் அவர்தான். அதற்காக அவர் கண்டுபிடித்த வேலை இது: எங்கோ தொலைவிலுள்ள ஒரு விண்மீனை, வியாழனைப் போன்ற ஒரு பெருங்கோள் மிக நெருக்கத்தில் சுற்றிவருகிறது. அதற்கு ஓர் ஆண்டு என்பது நமக்கு இரண்டு நாளும் சொச்சமும். அது விண்மீனின் முகத்துக்குக் குறுக்கே போகும் இரண்டு மணி நேரம் மட்டும் விண்மீனின் வெளிச்சம் நூற்றில் இரண்டு பங்கு குறையும். அந்தக் கடப்பின் நடுநேரத்தைக் குறித்து அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை. உலகெங்கும் எங்களைப் போன்றவர்கள் அப்படி அனுப்பும் நேரங்களை ஒரு குழு சேர்த்துவைக்கிறது. ஆண்டுகள் போகப்போகக் கடப்பு கொஞ்சம் கொஞ்சமாக முந்தி வந்தால், அந்தக் கோள் தன் விண்மீனை நோக்கிச் சுருண்டுகொண்டிருக்கிறது என்று பொருள்.

நாங்கள் தொடங்குவதற்குள் சாரின் பார்வை போய்விட்டது. கண் நீர் அழுத்த நோய் பல ஆண்டுகளாகவே பார்வையின் ஓரங்களைத் தின்றுகொண்டு வந்திருக்கிறது; அவர் யாரிடமும் சொல்லவில்லை. அறுவைக்குப் பிறகும் எதுவும் திரும்பவில்லை. நீண்ட விடுப்பில் போனார். நான் நான்கு மாதங்கள் அவரைப் போய்ப் பார்க்கவில்லை. வேலை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவர் முன்னால் என்ன பேசுவது என்று பயந்தேன். கடைசியில் அவர் மனைவிதான் தொலைபேசியில் அழைத்தார். "யாரு வந்தாலும் தூங்குறேன்னு சொல்லச் சொல்றாக மேடம். நீங்க வந்தா எந்திரிப்பாக" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனதும் எழுந்தார். ஆனால் முதல் வேலையாக ஓர் உறையை என் கையில் கொடுத்தார். விருப்ப ஓய்வு விண்ணப்பம். மறுநாள் முதல்வரிடம் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டார். நான் மறுத்துப் பேசவில்லை, பைக்குள் வைத்துக்கொண்டேன். பேச்சை மாற்றத்தான் என் அளவீட்டுத் தாள்களை வெளியே எடுத்தேன். தனியாக நான் இரண்டு கடப்புகளை அளந்திருந்தேன். கணக்கிட்ட நேரத்தைவிட ஒன்று மூன்று நிமிடம் முந்தியும் மற்றொன்று இரண்டு நிமிடம் பிந்தியும் வந்திருந்தன. இந்த அளவீடுகள் பயன்படாது என்று குழுவிலிருந்து மரியாதையாக எழுதிவிட்டார்கள். வரைபடத்தை எத்தனை முறை பார்த்தும் எனக்குப் புள்ளிகள் சிதறிக் கிடப்பது மட்டுமே தெரிந்தது. சரி, வாசிங்க என்றார் சார், ஆர்வமே இல்லாமல். நிமிடத்துக்கு ஒரு படம், படத்துக்கு ஓர் எண். மூன்று மணி நேர வெளிச்சம்.

தொண்ணூறாவது எண்ணுக்குப் பக்கத்தில் அவர் கையை உயர்த்தினார்.

"கொஞ்சம் நிறுத்துங்க மேடம். முதல்ல இருந்து வாசிங்க. ஒரே வேகத்துல."

வாசித்தேன். அவர் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் மனைவி மோர் டம்ளரோடு வந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"எட்டு எண்ணுக்கு ஒருக்கா ஏறி இறங்குது" என்றார் சார். "இது நட்சத்திரம் இல்ல. நம்ம மிஷின்ல ஏதோ ஒண்ணு எட்டு நிமிசத்துக்கு ஒருக்கா சுத்துது."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாள் கல்லூரியில் தொலைநோக்கியின் கையேட்டைப் புரட்டினேன். வானத்தோடு சேர்த்து அதைத் திருப்பும் பற்சக்கரம் ஒரு சுற்றுக்கு எடுத்துக்கொள்வது எட்டு நிமிடம். ஒவ்வொரு சுற்றிலும் விண்மீன் படத்தில் இம்மியளவு நகர்ந்து திரும்பியிருக்கிறது; வெளிச்சம் கூடுவதும் குறைவதுமாகத் தோன்றியது அதனால்தான். அந்த ஆட்டத்தைக் கணக்கில் கழித்தபோது இரண்டு கடப்புகளும் ஒரு நிமிடத்துக்குள் வந்து நின்றன. மதியமே சாரை அழைத்துச் சொன்னேன். அவர் அந்த உறை எங்கே என்று கேட்டார். பையில்தான் இருக்கிறது என்றேன். இருக்கட்டும், கொடுக்க வேண்டாம் என்றார்.

மழைக்காலத்துக்கு முன்னால் எங்களுக்கு வாகாக ஒரே ஒரு கடப்புதான் மிச்சமிருந்தது. அன்று மாலை அவர் மனைவி ஆட்டோவில் அவரைக் கல்லூரிக்குக் கூட்டிவந்தார். தொலைநோக்கி இருக்கும் மொட்டைமாடிவரை மூன்று மாடிப் படிகளையும் சார் கைப்பிடியைப் பிடித்து ஏறினார். என் கையைப் பிடிக்கவில்லை. ஏழு மணிவரை மேற்கே மேகம் கட்டியிருந்தது. பிறகு காற்று திரும்பி மேகம் விலகியது. சக்கரத்தைச் சீராக்கியிருந்தோம். ஒவ்வொரு எண்ணும் வர வர நான் சொன்னேன், அவர் கேட்டார். ஒரு கட்டத்தில் என்னை முந்திக்கொண்டு, "இறங்க ஆரம்பிச்சிருச்சு" என்றார். எனக்கு அது தெரிய இன்னும் நான்கு எண்கள் ஆயின.

கணக்கிட்ட நேரத்துக்கும் எங்கள் நேரத்துக்கும் வித்தியாசம் இருபது நொடி. மறுநாள் குழுவுக்கான படிவத்தை நிரப்பி அவருக்கு வாசித்துக் காட்டினேன். பார்த்தவர் என்ற இடத்தில் என் பெயரையும், உதவியவர் என்ற இடத்தில் அவர் பெயரையும் போட்டிருந்தேன். அவர் மனம் நோகக் கூடாது என்று நினைத்துத்தான் அப்படிச் செய்தேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது.

"பார்த்தவர்ங்கிற இடத்துல என் பேரையும் போடுங்க மேடம்" என்றார் சார். "அந்தக் கோளை நீங்களும்தான் பாக்கல."

இருவர் பெயரிலும் அது குழுவின் பட்டியலில் ஏறியது. திருத்திய பழைய இரண்டும் ஏறின. தை பிறந்ததும் சார் வகுப்புக்குத் திரும்பினார். மாணவர்கள் கரும்பலகையில் எழுதியபடியே ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அவர் வகுப்பில் புதுச் சட்டம். முன்பு புரியாமலே எழுதிவிட்டு நின்றவர்கள் இப்போது புரிந்துகொண்டு எழுதுகிறார்கள் என்று அவரே ஒத்துக்கொள்கிறார்.

சென்ற வாரம், வாய்விட்டு வாசிக்கும் மென்பொருளின் துணையோடு அவரே கணக்கிட்ட பட்டியலை எனக்கு அனுப்பினார். எங்கள் மாடியிலிருந்து அளக்கக்கூடிய கடப்புகளின் தேதிகள். அவர் ஓய்வுபெறும் ஆண்டையும் தாண்டி, நான் ஓய்வுபெறும் ஆண்டையும் தாண்டி அது போகிறது. எதற்கு இவ்வளவு தூரம் என்று கேட்டேன். அந்தக் கோள் உண்மையிலேயே சுருள்கிறதா என்று சொல்ல அத்தனை ஆண்டுகளின் அளவீடு வேண்டும், யாராவது அளந்துகொண்டே இருக்க வேண்டும் என்றார். பட்டியலை அச்செடுத்து ஆய்வகச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். முதல் தேதி வரும் வியாழக்கிழமை. வானம் தெளிவாக இருக்கும் என்றுதான் படுகிறது.