முதுகில் ஓட்டையா, லேசரா?

எனக்கு இருப்பது ஒரே கிட்னி. இன்னொன்றைச் சில வருடங்களுக்கு முன்பு வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். மிச்சமிருந்த இதிலும் நெல்லிக்காய் அளவுக்குக் கல் என்று போன ஆடியில் ஸ்கேனில் வந்தது.

தில்லைநகர் டாக்டர், முதுகில் சின்னதாக ஓட்டை போட்டு, உள்ளேயே உடைத்து, ஒரே தடவையில் எடுத்துவிடலாம் என்றார். ரத்தம் கொஞ்சம் போகலாம் என்றும் சொன்னார். கே.கே. நகர் டாக்டரோ, ஓட்டையே வேண்டாம், சிறுநீர் வரும் வழியாகவே குழாய் விட்டு லேசரில் பொடியாக்கலாம், ஆனால் கல் பெரிசு, இரண்டு மூன்று தடவை மயக்க மருந்து கொடுக்கவேண்டி வரும் என்றார். ஆளுக்கொரு மெஷின் வாங்கி வைத்திருக்கிறார்கள், அதற்கு என் உடம்புதான் கிடைத்தது என்று எனக்குப் பட்டது. ஸ்கேனையே நம்பாமல் வேறு இடத்தில் மறுபடியும் எடுத்தேன். கல் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தது, சனியன்.

அந்த ஸ்கேனை எடுத்துக்கொண்டு தில்லைநகர் டாக்டரிடமே திரும்பப் போனோம். பேரம் பேசாமல் ஒரு முருங்கைக்காய் வாங்காத என் வீட்டுக்காரர் அங்கே வாயே திறக்கவில்லை. ஆனால் நான் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்து கதவைத் தள்ளினால், இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் கப்சிப்.

"என்ன பேசினீங்க?"

"ஒண்ணுமில்ல, சும்மா."

சும்மாவாம்! ஸ்ரீரங்கத்தில் வீடு வந்து சேரும்வரை ஆட்டோவில் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார். கல்லெல்லாம் இல்லை, வேறு ஏதோ பெரிய வியாதி, சேர்ந்துகொண்டு மறைக்கிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவரிடம் சொல்லாமல் டவுன் பஸ் பிடித்துத் தனியாகப் போனேன்.

"மறைக்காம சொல்லுங்க டாக்டர். எனக்கு என்ன?"

"கல்லுதாம்மா, வேற ஒண்ணுமில்ல. இருக்கிறது ஒரு கிட்னி. ஒரே தடவைல முழுசா எடுத்துடறது நல்லதுன்னு எனக்குத் தோணுது. ரிஸ்க்கே இல்லன்னு சொல்ல மாட்டேன்."

"அப்ப நேத்து அவர் என்ன கேட்டார்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னார்மா."

"சொல்லுங்க."

"இந்தக் கிட்னிக்கு ஏதாவது ஆயிட்டா, அவர்கிட்ட இருக்கிற உங்க கிட்னியை எடுத்து உங்களுக்கே திரும்ப வைக்க முடியுமான்னு கேட்டார்."

முதுகிலேயே போடுங்க என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். பஸ் ஸ்டாப்பில் நாலு பேர் பார்க்க அழுதேன். அறிவு கெட்ட மனுஷன்! அதைக் கொடுத்துவிட்டு இவர் எதை வைத்துப் பிழைப்பாராம்?